பாய்லர் டியூப் வேண்டாம், மாப்ளே

கணபதி, கோயம்புத்தூர்
ஞாயிறு காலை

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதமும், அதற்குள் மடித்து வைத்திருந்த மகனின் வரைபடமும் வியாழக்கிழமை வந்தன. அப்பாவின் புல்லட்டை, ஃப்ரேமின் பின்பக்கத்தை வெட்டிப் புதுக் குழாய் போட்டு, மறுபடி ரோட்டில் இறக்கப்போகிறாய் என்று படித்ததிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. கடைசி வருஷப் பரீட்சை முடிந்த அன்று அதில் கல்லணை வரை போய் வந்தோமே, அந்த வண்டிதானே?

இங்கே எல்லோரும் நலம். எனக்கு இடது கண்ணில் புரை எடுத்தாயிற்று. பட்டறையைப் பாதிக்கு மேல் பெரியவளே பார்த்துக்கொள்கிறாள். லேத்தில் என்னைவிட அவளுக்குக் கை சுத்தம்.

முதலில் அந்தப் பாய்லர் டியூப் பேச்சு. துவாக்குடிப் பக்கம் பழைய இரும்புக்கடையில் துண்டுகள் கிடைக்கின்றன, அதுவும் குரோமியமும் மாலிப்டினமும் கலந்த குரோம்-மாலி, ரேஸ் வண்டிக்குப் போடுகிற சரக்கு என்று எழுதியிருக்கிறாய். அதைத் தொடவே தொடாதே. ரேஸ் ஃப்ரேமுக்குப் போகிற 4130 என்ற ரகத்தில் குரோமியம் ஒரு சதவீதம், மாலிப்டினம் 0.2 சதவீதம், கார்பன் 0.3 சதவீதம், எல்லாமே சுமாரான கணக்கு. பாய்லரில் ஓடுகிற டி22 என்ற ரகத்தில் குரோமியம் 2.25, மாலிப்டினம் 1, கார்பனோ 0.15க்கு மேல் போகாது. அது 500 டிகிரிக்கு மேல் நீராவியின் அழுத்தத்தில் வருஷக்கணக்காக ஊர்ந்து நீளாமல் நிற்பதற்காகப் பிறந்த இரும்பு. சாதாரண வெயிலில் ஓடுகிற வண்டிக்கு அந்தக் குணத்தால் ஒரு பயனும் இல்லை. டி22க்கு உத்தரவாதமுள்ள ஈல்டு, அதாவது திரும்பி வராதபடி வளையத் தொடங்கும் அளவு, 205 மெகாபாஸ்கல்தான். 4130, சூடாக்கிக் காற்றில் ஆறவிட்ட (நார்மலைஸ்) நிலையில் 400ஐத் தாண்டும். போதாததற்கு, வெல்டு ஆறும்போதே பக்கத்து இரும்பு இறுகிப்போகும். கடையில் கலந்து கிடப்பதில் டி91 என்கிற இன்னொரு பாய்லர் ரகம் ஒன்று மாட்டினால் இன்னும் மோசம். முன்சூடு கொடுத்து, வெல்டு முடிந்ததும் 750 டிகிரி அளவில் வைத்து இறக்காவிட்டால் வெல்டு ஓரம் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். முப்பது வருஷம் அந்த வேலையையே செய்த உனக்கு இது தெரியாதா? அப்பா வண்டி என்ற ஆசையில் மறந்துவிட்டாய் என்றுதான் நினைக்கிறேன்.

சரி, உண்மையான 4130 கிடைத்தால் போடலாமா? போடலாம், ஆனால் அவசியமில்லை. மகன் எழுதிய குறிப்பில் "குரோம்-மாலி விறைப்பானது" என்று இருக்கிறது. அது தவறு. எந்த இரும்பாக இருந்தாலும் விறைப்பைச் சொல்லும் யங் குணகம் ஏறக்குறைய 200 ஜிகாபாஸ்கல்தான். அதே விட்டத்தில், அதே கனத்தில் போட்டால் மைல்டு ஸ்டீலும் 4130உம் ஒரே அளவுதான் வளையும். உடைவதற்கு முன் 4130 அதிகம் தாங்கும், அவ்வளவுதான். பலம் அதிகம் என்று கனத்தை 1.6இலிருந்து 1.2 மில்லிமீட்டருக்குக் குறைத்தால் 25.4 மில்லிமீட்டர் விட்டக் குழாயில் விறைப்பு ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். வண்டி வளைவில் நெளியும்.

விறைப்பு வேண்டுமென்றால் விட்டத்தைக் கூட்டு. நேற்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 25.4 விட்டம், 2 மில்லிமீட்டர் கனம்: மீட்டருக்கு 1.15 கிலோ. 31.8 விட்டம், 1.6 கனம்: 1.19 கிலோ. எடை கிட்டத்தட்ட ஒன்றுதான், வளைவுக்கு எதிரான விறைப்போ 1.7 மடங்கு. இங்கிலாந்தின் நார்ட்டன் பைக் கம்பெனிக்காரர்கள் 1950இல் கொண்டுவந்த ஃபெதர்பெட் ஃப்ரேமைப் பார். ரேஸுக்கான மேங்க்ஸ் வண்டிக்கு ரெனால்ட்ஸ் 531 என்ற பலமான அலாய் குழாய், ரோட்டில் விற்ற வண்டிகளுக்கு அதே வடிவத்தில் மைல்டு ஸ்டீல். அந்த ரோடு வண்டிகளும் வளைவில் நன்றாக நின்றதாகத்தான் இன்றும் பேசுகிறார்கள்.

ஆக, உனக்கு நான் சொல்வது சிடிடபிள்யூ (குளிர்ந்த நிலையில் இழுத்த வெல்டு) குழாய், வாகனக் குழாய்க்கான ஐஎஸ் 3074 முத்திரையுள்ளது, சர்டிபிகேட்டோடு. பட்டையைச் சுருட்டி மின்சாரத்தில் தையல் போட்டு, பிறகு டை என்கிற அச்சில் இழுத்து எடுப்பது. தையல் பிசிறு உள்ளே நிற்காது, அளவு பிசகாது, இரண்டு குழாயை இணைக்கச் செருகுகிற ஸ்லீவ் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். ஆவடியில் டியூப் ப்ராடக்ட்ஸ் ஆரம்பித்ததும் 1955, மெட்ராஸில் என்ஃபீல்டு இந்தியா ஆரம்பித்ததும் 1955. நம் ஊர்க் குழாயே நம் ஊர் வண்டிக்குப் போவதில் எனக்கு ஒரு சந்தோஷம். சிடிடபிள்யூ கிடைக்காவிட்டால் நல்ல ஈஆர்டபிள்யூ, அதாவது தையல் போட்டு இழுக்காமல் விட்ட குழாய், போதும். வளைக்கும்போது தையல் வெளிவளைவிலும் உள்வளைவிலும் வராமல் பக்கவாட்டில் இருக்கட்டும்.

தண்ணீர் பைப் மட்டும் வேண்டாம். கடையில் ஒரு இஞ்ச் பைப் என்று கேட்டால் 33.7 மில்லிமீட்டர் வெளிவிட்டத்தில் கொடுப்பார்கள், ஒரு இஞ்ச் டியூப் என்றால் 25.4. அந்தக் குழப்பமே பலரைக் கவிழ்த்திருக்கிறது. நானும் 1994இல் என் ராஜ்தூத்துக்கு துத்தநாகம் பூசிய ஜிஐ பைப்பில் சீட் லூப், அதாவது சீட்டைத் தாங்குகிற வளைவு, போட்டேன். துத்தநாகத்தைச் சரியாகத் தேய்த்து எடுக்கவில்லை, கஸெட் என்கிற முட்டுத் தகட்டைக் குழாயின் குறுக்கே வெல்டு அடித்தேன். ஐந்தாவது மாதம் அந்த வெல்டு ஓரத்திலேயே விரிசல் விட்டது. ஓட்டிக்கொண்டிருந்தது தம்பி. தோள்பட்டை எலும்பு முறிந்து ஆறு வாரம் கட்டோடு கிடந்தான். இன்றும் மழைக்காலத்தில் அவன் தோளைத் தடவும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. கஸெட் வைத்தால் குழாயின் நீளவாக்கில் வெல்டு அடி, நுனியைக் கூராக இறக்கிவிடு.

வரைபடத்தில் மகன் வெட்டப்போகிற இடத்தைச் சிவப்பில் காட்டியிருக்கிறான். அது ஷாக் அப்சார்பரின் மேல்முனைக்கு முன்னால் இருக்கிறது. அங்கே வெட்டக்கூடாது. பின்சக்கரத்தின் பாரத்தில் பெரும்பகுதி அந்த முனை வழியாகத்தான் ஃப்ரேமுக்கு ஏறுகிறது. அதற்குப் பின்னால் சீட்டும் மட்கார்டும்தான். அங்கே வெட்டி, ஒற்றை சீட்டுக்கு லூப் போடட்டும். பழைய குழாயின் பெயிண்டைச் சுரண்டி மூன்று இடத்தில் வெர்னியர் வைத்து விட்டத்தை அள. கனத்துக்கு அல்ட்ராசோனிக் கேஜ் கடன் வாங்க உனக்கா ஆள் இல்லை? வருகிற அளவே புதுக் குழாய்க்கும். ஸ்லீவ் லேத்தில் பிடித்து, இரண்டு பக்கமும் ஒன்றரை இஞ்ச் உள்ளே போகிற மாதிரி, நுனிகளைச் சரிவாக்கி, பக்கத்துக்கு இரண்டு துளை போட்டு, அந்தத் துளைகளை நிரப்பி பிளக் வெல்டு. டிக் வெல்டிங்கில் உன் கை இன்னும் நடுங்கவில்லை என்றால் நீயே அடி. எர்த் கிளாம்பை வெல்டுக்கு அருகிலேயே மாட்டு, பேரிங் வழியாகக் கரண்ட் போகக்கூடாது.

இன்னொன்று. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவும், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பும் மகனுக்குத் தெரியட்டும். கம்பெனி கொடுத்த அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்ற இடமில்லை. வெட்டுவதற்கு முன்னால் ஆர்டிஓ அலுவலகத்தில் வரைபடத்தைக் காட்டிக் கேட்கச் சொல். சேசிஸ் நம்பர் பக்கம் கிரைண்டரே போகக்கூடாது.

வளைப்பதற்குப் பைப் பெண்டர் வாங்கிவிடாதே. அதன் டை பைப் அளவுக்கு வெட்டியது, டியூப் அதில் சப்பையாகிவிடும். என்னிடம் 25.4க்கும் 31.8க்கும் சரியான டை இருக்கிறது. அளவை எழுதி அனுப்பு, குழாயை நான் இங்கேயே எடுத்து வைக்கிறேன். மகனையும் கூட்டிக்கொண்டு ஒரு சனிக்கிழமை வந்தால் லூப்பை வளைத்துக் கையோடு கொண்டுபோகலாம். ராத்திரி இங்கேயே தங்கலாம்.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். அவள் கொடுத்துவிட்ட நார்த்தங்காய் ஊறுகாய் போன வாரம்தான் தீர்ந்தது.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்