தமிழ்ப் பக்கம் பின்தங்குவதற்கு மொழிபெயர்ப்பாளர் காரணமல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொது நிறுவனங்களின் இணையத்தளங்களில் 'தமிழ்' என்ற பொத்தானை அழுத்தினால் பழைய செய்தியும் வெற்றுப் பக்கமும்தான் வருகின்றன என்று உங்கள் வாசகர் பகுதியில் அடிக்கடி கடிதங்கள் வெளியாகின்றன. அண்மையில் எழுதிய ஒருவர், எல்லாம் மொழிபெயர்ப்பாளர்களின் சோம்பல் என்று தீர்ப்பே வழங்கிவிட்டார். மொழிபெயர்ப்பாளர்களுக்காக வாதாட என்னை எவரும் அமர்த்தவில்லை. ஆனாலும் ஹட்டனில் இருந்துகொண்டு மும்மொழித் தளமொன்றைப் பராமரித்துச் சம்பளம் வாங்குகிறவள் என்ற முறையில், கோளாறு பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கிறது என்று சொல்லியாக வேண்டும். பக்கத்தை அமைக்கும் நிரலில் இருக்கிறது அது.

தளத்தின் பெயரை எழுதமாட்டேன். மாதச் சம்பளம் அங்கிருந்துதான் வருகிறது. தோட்டப் பாடசாலைகளில் படித்து உயர்தரத்துக்குப் போகும் பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் கொடுக்கும் ஓர் அறக்கட்டளையின் விண்ணப்பத் தளம் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன். பேர்ள் என்ற நிரல் மொழியில், ஜிஃப்டி என்ற சட்டகத்தின் (இணையத்தளம் கட்டுவதற்கு ஆயத்தமாகக் கிடைக்கும் நிரல் தொகுப்பு) மேல் பல ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்டது. எழுதியவர் இப்போது நாட்டில் இல்லை. விண்ணப்பிக்கிறவர்கள் பெரும்பாலும் கைத்தொலைபேசியில் படிக்கிறார்கள். ஆவணங்களை ஏற்றுவதற்கு பஸ் நிலையத்துப் பக்கமுள்ள கொமியூனிகேஷன் கடைகளுக்குப் போகிறார்கள்.

நான் பொறுப்பேற்ற புதிதில் விண்ணப்ப முடிவுத் திகதி நீடிக்கப்பட்டது. சிங்களப் பக்கத்திலும் ஆங்கிலப் பக்கத்திலும் புதிய திகதி வந்துவிட்டது. தமிழ்ப் பக்கத்தின் உச்சியில் மட்டும் பழைய திகதியே நின்றது. நோர்வூட் பக்கத்துத் தோட்டமொன்றில் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு தகப்பன் தொலைபேசியில் கேட்டார்: "மிஸ், போட்டிருந்த திகதி போய்விட்டதே, இனி அனுப்பினாலும் பார்ப்பார்களா?" அவர் கேட்டார், அதனால் தெரிந்தது. கேட்காமல் விட்டவர்கள் எத்தனை பேர் என்று எந்தக் கணினியும் சொல்லாது. விண்ணப்பிக்க வேண்டிய பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானோர் தமிழ்ப் பிள்ளைகள் என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

இத்தனைக்கும் அந்த அறிவித்தலின் தமிழாக்கம் உரிய நேரத்தில் வந்து மொழிக் கோப்பில், அதாவது மொழிபெயர்ப்புகளை வைத்திருக்கும் கோப்பில், ஏறியும் இருந்தது. மொழிபெயர்ப்பாளர் தன் வேலையை முடித்துவிட்டார். அவர் எழுதியதை எடுத்துக் காட்ட வேண்டிய இடந்தான் தமிழ்ப் பக்கத்தில் இல்லை.

ஏன் இல்லை என்பதற்குச் சற்றே தொழில் பேச வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் சுற்றி ஓர் உறை உண்டு: மேலே தலைப்பு, வரவேற்பு வரி, வழிகாட்டிப் பட்டியல், அறிவித்தல், கீழே முகவரி. ஆரம்பத்தில் ஆங்கிலத்துக்கென்று ஓர் உறை எழுதியிருக்கிறார்கள். பிறகு சிங்களம் வேண்டும் என்றதும் அந்தக் கோப்பைப் பிரதியெடுத்துச் சொற்களை மாற்றியிருக்கிறார்கள். தமிழ் வேண்டும் என்றதும் இன்னொரு பிரதி. பிரதியெடுத்த அன்றைக்கு மூன்றும் ஒன்றுபோல இருந்திருக்கும். அதற்குப் பிறகு செய்த ஒவ்வொரு திருத்தமும், கேட்டவருக்கு எந்த மொழி தெரியுமோ அந்தப் பிரதியில் மட்டும் போய்ச் சேர்ந்தது. அறிவித்தலைத் தரவுத்தளத்திலிருந்து எடுக்கும் மாற்றம் இரண்டு உறைகளுக்குக் கிடைத்தது. மூன்றாவது உறையில் எவரோ கையால் எழுதிய திகதி அப்படியே கிடந்தது. இதில் எவருடைய துவேஷத்தையும் நான் காணவில்லை. பிரதியெடுக்கும் பழக்கம் ஒன்றே போதும், ஒரு மொழி தானாகவே கடைசிக்குப் போய்விடும்.

ஜிஃப்டியை எழுதியவர்கள் இதற்கு நல்ல வழி வைத்திருக்கிறார்கள் என்பதுதான் வயிற்றெரிச்சல். வருகிற கோரிக்கைகளைப் பதிந்து கண்காணிக்கும் ஆர்.டி. என்ற மென்பொருளை உருவாக்கிய பெஸ்ட் பிராக்டிக்கல் என்ற அமெரிக்க நிறுவனத்தில் பிறந்த சட்டகம் அது. பக்கத்தை வரைவதற்கென்றே அதில் ஒரு கிளாஸ், அதாவது ஒரு வேலைக்கான செயல்களைச் சேர்த்துவைத்த நிரல் அச்சு, இருக்கிறது. அந்தச் செயல் ஒவ்வொன்றுக்கும் மெதட் என்று பெயர். தலைப்பகுதியை வரைய ஒரு மெதட், வரவேற்பு வரிக்கு ஒன்று, வழிகாட்டிப் பட்டியலுக்கு ஒன்று, உள்ளடக்கத்துக்குச் சற்று முன் ஓடுவதற்கு ஒன்று, அடிப்பகுதிக்கு ஒன்று என்று துண்டு துண்டாகப் பிரித்துவைத்திருக்கிறார்கள். நமது செயலியின் காட்சிக் கோப்புறையில் 'பேஜ்' என்ற பெயரில் நாமே ஒரு கிளாஸ் எழுதி, அது அந்தத் தாய்க் கிளாஸிலிருந்து வருகிறது என்று குறித்துவிட்டால் போதும். சட்டகம் நம்முடையதை எடுத்துக்கொள்ளும். நாம் எழுதாத மெதட் எல்லாம் தாயிடமிருந்து வரும். எழுதியது மட்டும் மாறும்.

எங்கள் மலையகத்தாருக்குத் தேயிலைத் தொழிற்சாலையை வைத்துச் சொன்னால் உடனே விளங்கும். கொழுந்து வாட்டுவது ஒரே தட்டில், அரைப்பது ஒரே ரோலரில். சலிக்கும் இடத்தில்தான் தூளின் தரம் பிரிகிறது. தரத்துக்கொரு தொழிற்சாலை கட்டுகிற துரையை நான் கேள்விப்பட்டதில்லை.

மூன்று உறைகளையும் தூக்கிவிட்டு ஒரே கிளாஸ் எழுதினேன். முடிவுத் திகதி அறிவித்தல், உள்ளடக்கத்துக்கு முன் ஓடும் மெதட்டுக்குள் போயிற்று. தாய்க் கிளாஸ் அந்த இடத்தில் செய்வதை முதலில் செய்யவிட்டு, அதன்பின் திகதியைத் தரவுத்தளத்திலிருந்து எடுத்து, வாசிப்பவரின் மொழியில் காட்டச் சொன்னேன். தலைப்புக்கு இரண்டு மெதட்டுகள் உண்டு: ஒன்று உலாவியின் தாவலில் தெரிவதற்கு, மற்றது பக்கத்தின் மேலே தெரிவதற்கு. தலைப்பை ஓரிடத்தில் சொன்னால் இரண்டிலும் வரும். பழைய தமிழ் உறையில் மேலே தமிழும் தாவலில் ஆங்கிலமுமாக இருந்தது. தொலைபேசியில் நாலைந்து தாவல்களைத் திறந்துவைத்திருக்கும் பிள்ளைக்கு எது எதுவென்று எப்படித் தெரியும்? அந்தத் தொல்லை தானாகவே ஒழிந்தது. சொற்களெல்லாம் மொழிக் கோப்புகளில் மட்டும் இருக்கின்றன. நிரலைத் துருவி மொழிபெயர்க்க வேண்டிய வரிகளைத் திரட்டித் தரும் கட்டளையும் ஜிஃப்டியிலேயே இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் நிரலைத் தொட வேண்டியதில்லை. நான் அவருடைய தமிழைத் தொட வேண்டியதில்லை. இதில் அவருக்குத்தான் அதிக நிம்மதி.

தமிழுக்கென்று வேறுபட்டது மிகக் கொஞ்சம். பக்கத்தின் மொழி தமிழ் என்ற குறி சரியாகப் போக வேண்டும். வாசித்துக் காட்டும் மென்பொருள் எந்த மொழியில் உச்சரிப்பது என்பதற்கு அதைத்தான் பார்க்கும். எழுத்தளவும் வரி இடைவெளியும் சற்றுக் கூடுதலாக வேண்டும். பொத்தான்களுக்கு நிலையான அகலம் வைக்கக் கூடாது. 'சமர்ப்பிக்கவும்' என்ற சொல் ஆங்கிலத்துக்கு அளந்து வைத்த பெட்டிக்குள் அடங்காமல் பாதியில் வெட்டுப்பட்டுக் கிடந்ததை எத்தனையோ தளங்களில் பார்த்திருக்கிறேன். இவை நடை கோப்பில் (பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் கோப்பு) சில வரிகள், அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் என்னைப் பிடித்து நிறுத்தியது. பட்டியல்களில் நீளமான தலைப்புகளைக் குறிப்பிட்ட அளவில் வெட்டிப் புள்ளி வைக்கும் ஒரு துணைச் செயல் இருந்தது. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூ.டி.எஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் (கணினி நினைவின் சிற்றலகு) எடுக்கும். பைட் கணக்கில் வெட்டினால் கடைசியில் கேள்விக்குறிக் கட்டம் விழும். சரி, பைட்டை விட்டுக் குறிகளை எண்ணி வெட்டினால், உயிர்க்குறி தனிக் குறியாக இருப்பதால், 'நோர்வூட்' என்பது 'நோர்வ' என்று நின்றுவிடுகிறது. பேர்ளின் தேடல் கோவைகளில் (உரையில் எதைத் தேடுவது என்று சொல்லும் குறியீடுகள்) பின்சாய்கோட்டுடன் பெரிய 'எக்ஸ்' போட்டால் மெய்யையும் உயிர்க்குறியையும் சேர்த்து ஓர் எழுத்தாகவே எடுக்கும். அதை வைத்து எண்ணினேன், தீர்ந்தது. இந்த வசதி தெரியாமல், தமிழ் கணினிக்கு ஒத்துவராது என்று சொல்கிறவர்களை இன்றைக்கும் சந்திக்கிறேன்.

அதே வேளையில், கிளாஸ் எழுதிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் எண்ணக் கூடாது. தாய்க் கிளாஸில் முழுப் பக்கத்தையும் வரையும் பெரிய மெதட்டை அப்படியே எடுத்து ஒட்டி, நடுவில் இரண்டு வரியை மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அதுவும் பிரதியெடுப்பதுதான், வேறு உடுப்புப் போட்டிருக்கிறது. சட்டகத்தில் ஒரு பிழை திருத்தப்பட்டால் அந்தத் திருத்தம் உங்களிடம் வந்து சேராது. எது மாற வேண்டுமோ அதற்கு மிக நெருக்கமான சின்ன மெதட்டைத் தேடிப் பிடியுங்கள். மற்றதைத் தாயிடம் விடுங்கள்.

பேர்ள் காலாவதியான மொழி, எல்லாவற்றையும் தூக்கிப்போட்டுப் புதிதாக எழுதுங்கள் என்று கொழும்பிலிருந்து வந்த ஆலோசகர் ஒருவர் எங்களுக்குச் சொன்னார். ஜிஃப்டி இன்று பலர் பயன்படுத்தும் சட்டகம் அல்ல என்பது உண்மைதான். ஆனால் உறையைப் பொதுவில் வைக்கும் வசதி மோஜோலிசியஸ், டான்சர், கேட்டலிஸ்ட் ஆகிய மற்றப் பேர்ள் சட்டகங்கள் எல்லாவற்றிலும் ஏதோ ஒரு வடிவில் உண்டு. பேர்ளுக்கு வெளியேயும் உண்டு. அந்த வசதியை விட்டுவிட்டுப் புதிய மொழியில் மூன்று பிரதி எடுத்தால் பழைய நோய்தான் புதிய விலைக்கு வரும். மேலும், அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது 1987 நவம்பரில். பேர்ளை உருவாக்கிய லாரி வோல் அதன் முதற் பதிப்பை வெளியிட்டது அதே ஆண்டு டிசெம்பரில். வயதாகிவிட்டது என்று ஒன்றைக் கழித்துவிடலாமென்றால் மற்றதன் கதி என்ன என்று ஆலோசகரிடம் நான் கேட்கவில்லை. தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

ஆகவே, இணையத்தளம் செய்யக் கேள்விப்பத்திரம் கோரும் பிரதேச சபைகளையும் கூட்டுறவுச் சங்கங்களையும் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களையும் கேட்டுக்கொள்வது இதுதான். 'மும்மொழியிலும் இருக்க வேண்டும்' என்று மட்டும் எழுதாதீர்கள். அதை மூன்று பிரதிகளாலும் நிறைவேற்றிவிடலாம். மூன்று மொழிக்கும் ஒரே பக்க அமைப்பு இருக்க வேண்டும், சொற்கள் தனிக் கோப்பில் இருக்க வேண்டும் என்று எழுதுங்கள். தளத்தைப் பொறுப்பேற்கும் நாளில், பணம் கொடுக்கும் முன், ஒரு திகதியை ஓரிடத்தில் மாற்றச் சொல்லிவிட்டு மூன்று மொழியிலும் திறந்து பாருங்கள். அதற்கு நிரல் தெரிந்திருக்கத் தேவையில்லை. தமிழ்ப் பக்கத்தை முதலில் திறவுங்கள்.

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கங்களில் கணினி வகுப்பு நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கிளாஸ், மரபுரிமை (தாய்க் கிளாஸிலிருந்து பெறுவது) என்றால் நாயும் பூனையும் விலங்கின் பிள்ளைகள் என்ற உதாரணத்தையே இன்னும் கரும்பலகையில் எழுதுகிறீர்கள். நாயையும் பூனையையும் வைத்து எந்தப் பிள்ளையும் எங்கள் அலுவலகத்தில் வேலை கேட்டு வரவில்லை. ஒரு பக்க அமைப்பு கிளாஸைக் கொடுத்து, அடிப்பகுதியை மட்டும் மாற்றிக் காட்டச் சொல்லுங்கள். பாடத்துக்கு எடுத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் உங்கள் பத்திரிகை அலுவலகம் வழியாக எனக்கு எழுதினால், நான் எழுதிய கிளாஸ் கோப்பை அனுப்பிவைக்கிறேன். அறக்கட்டளையிடம் அனுமதி வாங்கிவிட்டேன். கடவுச்சொல் இருக்கும் கோப்பு மட்டும் அதனுடன் வராது.

இப்படிக்கு,
மென்பொருள் பராமரிப்பாளர் ஒருவர்,
ஹட்டன்.