எலி கடித்த கறுப்பு வயர்

கொலம்பஸ், ஒஹையோ
ஜூன் 2

செல்வம்,

ஏழு மாதமாக ஒரு வரி எழுதாதவனுக்கு இப்போது என்ன வந்தது என்று கேட்பாய். கேள், தப்பில்லை. வாய்ஸ் மெசேஜ்தான் முதலில் ஆரம்பித்தேன். பாதியிலேயே நீ சிரிப்பது காதில் கேட்டது, அழித்துவிட்டேன்.

அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாக அக்கா சொன்னாள், சந்தோஷம். வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

விஷயம் என்னுடைய புல்வெட்டி வண்டி. உட்கார்ந்து ஓட்டுவது, குட்டி டிராக்டர் மாதிரி. பழையது. குளிர்காலம் முழுக்க கராஜில் கிடந்ததை ஏப்ரல் கடைசியில் எடுத்தால், செல்ஃப் ஜோராகச் சுற்றுகிறது, என்ஜின் பிடிக்கவில்லை. பிளக்கைக் கழற்றி, டெஸ்டர் மாட்டிப் பார்த்தேன். கரண்ட் இல்லை. ஒரு பொட்டுகூட இல்லை.

மெக்கானிக் பட்டறையில் மூன்று கோடை விடுமுறை கிரீஸ் பூசிக்கொண்டவன் என்ன செய்திருக்க வேண்டும்? யோசித்திருக்க வேண்டும். நான் கடைக்குப் போனேன். புது பிளக். வரவில்லை. அடுத்த சனிக்கிழமை பேட்டரி. இதற்கு நீ திட்டலாம். இந்த என்ஜினில் பேட்டரி செல்ஃப் சுற்ற மட்டும்தான்; பிளக்குக்குப் போகும் கரண்டை, நம்ம டிவிஎஸ் 50 மாதிரியே, என்ஜினோடு சுற்றும் ஃப்ளைவீல் சக்கரத்தில் இருக்கும் காந்தம், காயில் என்கிற கம்பிச்சுருளைக் கடந்து போகும்போது அதுவே உண்டாக்கிக்கொள்கிறது. தெரிந்தும் வாங்கினேன். மூன்றாவது வாரம் காயிலையே மாற்றினேன். காந்தத்துக்கும் காயிலுக்கும் பத்து தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் பத்து பங்கு) இடைவெளி வேண்டும் என்று, இடையில் விசிட்டிங் கார்டு செருகி, அழகாக வைத்தேன். அப்போதும் பூஜ்யம். புல் கணுக்காலைத் தாண்டிவிட்டது, நகராட்சியிலிருந்து நோட்டீஸ் வேறு.

அன்றைக்கு ராத்திரி படுத்திருந்தபோதுதான் நம்ம பட்டறை அண்ணன் குரல் மனசில் வந்தது. "கரண்ட் வரலையா? மொதல்ல கறுப்பு வயரக் கழட்டுடா, அப்புறம் காசு செலவு பண்ணு." காயிலிலிருந்து சாவிக்குப் போகும் அந்த ஒற்றை வயர். என்ஜின் ஓட அது தேவையே இல்லை, நிறுத்தத்தான் தேவை. சாவியை மூடினால் அது வண்டியின் இரும்போடு சேர்ந்து எர்த் ஆகும், கரண்ட் செத்துவிடும். இந்த வண்டியில் சாவி மட்டுமல்ல, பிரேக், பிளேடு, சீட்டுக்கு அடியில் என்று எங்கெங்கோ சுவிட்ச் வைத்து எல்லாவற்றையும் அதே வயரில்தான் கோத்திருக்கிறார்கள். காலையில் போய் வயரைக் கழற்றினேன். டெஸ்டரில் நீலமாகப் பளிச். கோளாறு காயிலில் இல்லை, வயரிலோ சுவிட்சிலோ இருக்கிறது. அங்கேயே தேடியிருக்கலாம்.

தேடவில்லை. சாயங்காலம் விருந்தாளிகள். வயரைத் தொங்கவிட்டபடியே வண்டியைக் கிளப்பி வெட்ட ஆரம்பித்தேன்.

பாதித் தோட்டத்தில் ஒரு கிளை கிடந்தது. எடுக்க எழுந்தேன். பிளேடு ஓடும்போது சீட்டை விட்டு எழுந்தால் என்ஜின் நிற்க வேண்டும், நிற்கவில்லை. ஈரச் சரிவில் ஒரு கால் கீழே, ஒரு கால் வண்டியில். சின்னவள் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு என்னை நோக்கி ஓடி வருகிறாள். சாவியைத் திருப்பினேன், எப்படி நிற்கும்? கத்தினேன், என்ஜின் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. கடைசியில் சோக்கை முழுக்க இழுத்து மூச்சை அடைத்துத்தான் நிறுத்தினேன். பிளேடு லிவரைத் தள்ளியிருக்கலாம் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. அவள் பத்தடி தள்ளி நின்று, "ஏன்ப்பா கத்தின?" என்றாள்.

ஒன்றும் ஆகவில்லை செல்வம். ஆனால் அன்றைக்கு விருந்தில் யார் என்ன பேசினார்கள் என்று எனக்கு ஞாபகமே இல்லை.

எல்லாரும் போனபிறகு டார்ச்சும் மீட்டரும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வயருக்கும் வண்டியின் இரும்புச் சட்டத்துக்கும் நடுவே மீட்டர் வைத்தால், சாவி ஆனில் இருக்கும்போதும் பீப், அதாவது எங்கோ எர்த் ஆகிக் கிடக்கிறது. ஒவ்வொரு சுவிட்சாகக் கழற்றினேன், பீப் நிற்கவில்லை. கடைசியில் என்ஜின் மூடியைத் தூக்கினால் பஞ்சும் காய்ந்த இலையுமாக ஒரு எலிக்கூடு. வயரின் தோலைக் கடித்துத் தின்றிருக்கிறது. செம்பு இரும்பில் பட்டுக்கொண்டு கிடக்கிறது. வயர் எர்த் ஆகிவிட்டால் எத்தனை காயில் மாற்றி என்ன? ஒரு முழம் புது வயர், கொஞ்சம் ஈயப் பற்று, ஸ்லீவ். அவ்வளவுதான் செலவு.

மறுநாள் சின்னவளை வீட்டுக்குள் இருக்கச் சொல்லிவிட்டு, பிளேடைப் போட்டு, சீட்டிலிருந்து மெல்ல எழுந்தேன். டக்கென்று நின்றது. மறுபடி கிளப்பி மறுபடி எழுந்தேன். ஏழெட்டுத் தடவை. ஜன்னலிலிருந்து என் வீட்டுக்காரி, "வண்டி மேலே என்ன, தோப்புக்கரணமா?" என்கிறாள்.

இப்போது உன் விஷயம். போன தடவை வந்தபோது பார்த்தேன், உன் பைக்கில் சைடு ஸ்டாண்ட் சுவிட்சைப் பிடுங்கிவிட்டு இரண்டு வயரையும் முறுக்கி டேப் சுற்றி வைத்திருக்கிறாய். "மழையில மக்கர் பண்ணுதுடா" என்றாய், நானும் சிரித்தேன். அந்த வண்டியில்தானே பையனை டியூஷனுக்கு அனுப்புகிறாய்? இந்த வாரமே மாற்று. மாற்றியதும் ஸ்டாண்டைப் போட்டு, கியரையும் போட்டு, வண்டி அணைவதை வீடியோ எடுத்து அனுப்பு. உன் வாய்ச்சொல்லை நம்புவதாக இல்லை.

பழைய காயில் நல்ல காயில், டிராயரில் தூங்குகிறது. யாருக்காவது வேண்டுமென்றால் சொல்.

உன்,
கண்ணன்