மேட்டுப்பாத்தித் தோட்டம்: பெற்றோர்களுக்குக் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். பள்ளியின் பின்பக்கம் காய்கறித் தோட்டம் போடப்போகிறோம் என்று பிள்ளைகள் இந்நேரம் வீட்டில் சொல்லியிருப்பார்கள். அங்குள்ள தரை ஓடியாடிய கால்கள் பட்டு இறுகிப்போனது. மழை பெய்தால் தண்ணீர் இறங்காமல் மேலேயே தேங்குகிறது. அதனால் தரைக்கு மேலே மேட்டுப்பாத்திகள் அமைத்து, புதிதாக மண் நிரப்பி விதைக்க முடிவு செய்திருக்கிறோம்.

ஒவ்வொரு பாத்தியும் 8 அடி நீளம், 3 அடி அகலம், 1 அடி உயரம். பெரியவர்கள் வேலை செய்யும் பாத்திக்கு 4 அடி அகலம் வைப்பது வழக்கம். நாங்கள் குறைத்ததற்குக் காரணம் பிள்ளைகளின் கை. இருபுறமும் நின்றால் ஒன்றரை அடி எட்டினாலே பாத்தியின் நடுவில் இருக்கும் களையைப் பிடுங்கிவிடலாம். கை எட்டாத பிள்ளை காலை உள்ளே வைத்துவிடும், அதுதான் கூடாது. மண் துகள்களுக்கு நடுவே உள்ள இடைவெளிகளில்தான் காற்றும் ஈரமும் தங்குகின்றன. மிதித்தால் அவை அடைபட்டு வேர் திணறும். கேரட்டும் முள்ளங்கியும் நேராக இறங்காமல் கோணிக்கொள்ளும். எனவே பாத்திக்குள் யாருமே கால் வைக்கக் கூடாது, உதவிக்கு வரும் நீங்களும்தான். பாத்திகளுக்கு இடையே 3 அடி பாதை விடுகிறோம், சக்கர நாற்காலியும் தாராளமாகப் போகும். உட்கார்ந்தபடியே வேலை செய்ய வசதியாக ஒரு பாத்தியை மட்டும் இரண்டடிக்கு மேல் உயர்த்துகிறோம்.

வீட்டில் உபரிப் பலகை இருந்தால் கொடுத்தனுப்புங்கள். ஆனால் பழைய ரயில் கட்டைகள் வேண்டாம். மரம் மட்காமலிருக்க அவற்றில் ஏற்றியிருக்கும் கிரியோசோட் என்ற நச்சு எண்ணெய் மண்ணில் கசியும். பழைய பெயின்ட் பூசிய பலகையில் ஈயம் இருக்கக்கூடும். பூச்சி அரிக்காமலிருக்க ஆர்சனிக் மருந்து ஏற்றிய மரமும் வேண்டாம். அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கு அத்தகைய மரம் தயாரிப்பதையே 2003 முடிவோடு பெரும்பாலும் நிறுத்திவிட்டார்கள். எங்கிருந்து வந்த மரம் என்று தெரியாவிட்டால் அனுப்பாதீர்கள். செங்கல் இருந்தால் இன்னும் நல்லது.

மண்தான் பெரிய வேலை. ஒரு பாத்தி நிரம்ப 24 கன அடி, அதாவது ஏறக்குறைய 680 லிட்டர் தேவை. இரண்டு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு மட்கிய உரம் கலக்கிறோம். உரம் மேலும் மட்க மட்கப் பாத்தி தாழும், ஆண்டுதோறும் மேலே நிரப்ப வேண்டியிருக்கும். பச்சைச் சாணத்தை அனுப்ப வேண்டாம். அதிலுள்ள கிருமிகள் கீரையோடு பிள்ளைகளின் வயிற்றுக்குப் போய்விடும். அட்டைப்பெட்டிகள் எவ்வளவு இருந்தாலும் கொடுங்கள். டேப்பை உரித்து, புல் மேலே வராமல் அடியில் விரிப்போம். பிளாஸ்டிக் விரிப்பு போட்டால் நீர் வடியாது.

முதலில் முள்ளங்கி விதைக்கிறோம். நான்கைந்து வாரத்தில் பிடுங்கலாம், சிறு பிள்ளைகளின் பொறுமைக்கு அது ஏற்றது. தக்காளியும் பீன்ஸும் பின்னால் வரும். பீன்ஸ் செடியைக் கடைசியில் வேரோடு பிடுங்கி, அதிலிருக்கும் குட்டிக் குட்டி முடிச்சுகளைக் காட்டப்போகிறோம். காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உணவாக்கும் பாக்டீரியாக்கள் அவற்றில் வாழ்கின்றன. கரும்பலகையில் வரைந்து காட்டுவதைவிடக் கையில் வைத்துப் பார்ப்பது மனதில் நிற்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

மேட்டுப்பாத்தியில் தண்ணீர் நன்றாக வடியும். அதே காரணத்தால் சீக்கிரம் காயவும் செய்யும். காய்ந்த இலைகளால் இரண்டு அங்குல மூடாக்குப் போடுகிறோம். விரலை இரண்டாம் கணு வரை மண்ணுக்குள் விட்டு, ஈரம் தட்டுப்படாவிட்டால் மட்டுமே பூவாளியை எடுக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். பள்ளி நாட்களில் கவலையில்லை, விடுமுறையில்தான் உங்கள் உதவி தேவை. குடும்பத்துக்கு ஒரு வாரம் என்று முறை வைத்துக்கொண்டால் போதும்.

பாத்தி கட்டும் வேலை வரும் சனிக்கிழமை காலை 8 மணிக்குத் தொடங்கும். மண்வெட்டி, தள்ளுவண்டி உள்ளவர்கள் எடுத்து வாருங்கள். விடுமுறையில் எந்த வாரம் தண்ணீர் ஊற்ற வரமுடியும் என்பதை இணைத்துள்ள சீட்டில் எழுதி, வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்