வலையில் செத்த ஆவுளியாவை யாரிடம் சொல்வது?

குவைத்தில் இயங்கும் கடற்சூழல் பாதுகாப்பு வட்டார அமைப்பான ரோப்மியின் செயலகத்தாருக்கும், அதன் உறுப்பு நாடுகளான பஹ்ரைன், ஈரான், இராக், குவைத், ஓமன், கத்தார், சவுதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம் ஆகியவற்றின் மீன்வள, சுற்றுச்சூழல் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

நான் பாக் விரிகுடாக் கரையில், தொண்டிக்குத் தெற்கே ஓர் ஊரில் பிறந்தவன். 2007 முதல் 2018 வரை பஹ்ரைனில் ஒரு மீன்பிடி லாஞ்சில் கலாசியாக, அதாவது வலை இழுக்கிற கூலியாளாக இருந்தேன். முதலாளி யார், லாஞ்சு எது என்பதெல்லாம் இங்கே வேண்டாம். கெட்ட மனிதர் இல்லை. சம்பளம் தாமதமாகும், ஆனால் வந்துவிடும். இந்த மடலைத் தமிழில் எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

2011 மாசி மாதம். ஹவார் தீவுகளுக்கு வடக்கே கனாத்துக்கு வலை விட்டிருந்தோம். கனாத் என்றால் நம் வஞ்சிரம். விடிவதற்கு முன் வலையை ஏற்றும்போது ஓரிடத்தில் கயிறு இறுகிக்கொண்டது. நாலு பேர் சேர்ந்து இழுத்தும் அசையவில்லை. சுறாவாக இருக்கும் என்றான் கூட நின்ற வங்காளத்துப் பையன். டார்ச் அடித்துப் பார்த்தேன். முள்முள்ளாக மயிர் முளைத்த தடித்த உதடு, இறுக மூடிய மூக்குத் துளைகள், முதுகு நெடுகப் பழைய கீறல்கள். பார்த்ததும் தெரிந்துவிட்டது. பாடப்புத்தகத்தில் கடல்பசு என்று போட்டிருக்கும். எங்கள் ஊரில் ஆவுளியா என்போம். பெட்டை. முன்துடுப்பின் கக்கத்தில் காம்பு புடைத்திருந்தது, விரல் பட்டதும் பால் கசிந்தது. குட்டி எங்கே என்று யாரும் கேட்கவில்லை. நாகுதா, அதாவது லாஞ்சின் தலைவர், வந்து பார்த்தார். "அறுத்து விடு. கரையில் வாயைத் திறக்காதே" என்றார். வலையை மூன்று பாகம் நீளத்துக்கு அறுத்தோம், ஒரு பாகம் என்றால் ஆறடி. அந்தத் துண்டைச் சுற்றிக்கொண்டே அது கீழே போனது.

நாகுதாவை நான் குறை சொல்ல மாட்டேன். ஆவுளியாவைக் கொல்வது குற்றம் என்று அவருக்குத் தெரியும். வேண்டுமென்று கொன்றதா, தானாகச் சிக்கிச் செத்ததா என்று துறைமுகத்தில் யாரும் நிதானமாக விசாரிப்பார்கள் என்ற நம்பிக்கை அவருக்கு இல்லை. சொன்னால் லாஞ்சின் உரிமத்துக்கு ஆபத்து, எங்கள் விசாவுக்கு ஆபத்து. சொல்லாவிட்டால் போனது மூன்று பாகம் வலைதான். அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அறுக்கத்தான் சொல்லியிருப்பேன்.

பதினோரு வருடத்தில் எங்கள் ஒரு லாஞ்சில் மட்டும் இப்படி நாலு போயிருக்கிறது. அதில் ஒன்றுகூட எந்த நாட்டின் கணக்கிலும் ஏறவில்லை என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். ஏனென்றால் சொல்லியிருக்க வேண்டியவர்கள் நாங்கள்தான்.

உங்கள் வளைகுடாவில் ஆவுளியாக்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவை விட்டால் உலகத்திலேயே பெரிய கூட்டம் அதுதான். 1986-இல் பஹ்ரைனுக்கும் கத்தாருக்கும் நடுவே விமானத்திலிருந்து எண்ணியபோது ஒரே மந்தையில் அறுநூறுக்கு மேல் இருந்தனவாம். எங்கள் தாத்தா காலத்தில் பாக் விரிகுடாவில் மந்தையாகப் பார்த்திருக்கிறார்கள். நான் என் ஊரில் உயிரோடு பார்த்தது இரண்டே இரண்டு. பஹ்ரைனில் முதல் வருடமே ஒரு காலையில் இருபதுக்கு மேல் எண்ணினேன். மூக்கை மட்டும் நீட்டி மூச்சுவிட்டு, முதுகை வளைத்துக்கொண்டு உள்ளே போகும். அன்றைக்கு வீட்டுக்கு போன் போட்டு அம்மாவிடம் சொன்னேன். "சாப்பிட்டியா?" என்று கேட்டாள்.

அறுநூறு என்பது பெரிய எண்ணாகத் தெரியலாம். ஆனால் ஆவுளியா குட்டி போடத் தொடங்கவே பல வருடம் ஆகும். சினைக்காலமே பதின்மூன்று, பதினாலு மாதம். போடுவது ஒரு குட்டி. அடுத்த குட்டிக்கு மூன்று வருடமும் ஆகலாம், ஏழு வருடமும் ஆகலாம். சில நிமிடத்துக்கு ஒருதரம் மேலே வந்து மூச்சு வாங்க வேண்டிய பிராணி. வலையில் மாட்டினால் அதுவே தப்பித்துக்கொள்ள நேரம் கிடையாது. ஒரு பெட்டை போனால் எத்தனை வருடக் கணக்கு போகிறது என்று மீன்வளத்துறையில் இருக்கிற உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

இந்தக் கடலைப் பற்றி நான் கண்டதைக் கொஞ்சம் சொல்கிறேன். முதல் நாள் கை கழுவிவிட்டுத் துடைக்காமல் நின்றேன். காய்ந்ததும் விரலிடுக்கில் வெள்ளை பூத்துவிட்டது, உப்பளத்தில் வேலை செய்தவன் கைபோல. பெருங்கடலில் ஆயிரம் பங்குக்கு 35 பங்கு உப்பு என்றால் வளைகுடாவில் சராசரி 40. கத்தாருக்கு மேற்கே சல்வா வளைகுடாவின் உள்மூலைக்குப் போகப்போக 50-ஐயும் தாண்டும். வெயில் ஒவ்வொரு வருடமும் ஒன்றரை, இரண்டு மீட்டர் உயரத் தண்ணீரைக் குடித்துவிடுகிறது. அதை ஈடுகட்ட மழையும் இல்லை, ஷத்-அல்-அரபை விட்டால் சொல்லிக்கொள்ளும்படி ஆறும் இல்லை. ஹோர்முஸ் வாசல் வழியாக இந்தியப் பெருங்கடல் தண்ணீர் மேலாக உள்ளே வந்து, ஈரான் கரையோரம் ஏறி, சுற்றி, உப்பு கூடிக் கனத்து, அடியோடு அடியாக அதே வாசல் வழியாக வெளியே போகிறது. முழுத் தண்ணீரும் மாற வருடக்கணக்காகும். சராசரி ஆழம் 35 மீட்டர், எங்கள் பாஷையில் இருபது பாகம்கூட இல்லை. கோடையில் மேல்தண்ணீர் 35 டிகிரி தொடும். குளிர்காலத்தில் ஆழமில்லாத இடங்களில் 15-க்கும் கீழே இறங்கிவிடும்.

இப்படிப்பட்ட கடலில் பவளம் இருக்கவே கூடாது. ஆனால் இருக்கிறது. வேறு கடல்களில் 31 டிகிரிக்கே வெளுத்துப்போகும் பவளம் இங்கே 34, 35-ஐத் தாங்குகிறது. அதன் உடம்புக்குள் குடியிருக்கும் நுண்பாசி தனி இனம் என்று 2015-இல் கண்டுபிடித்தார்கள். அதே ஆய்வாளர்கள் இன்னொன்றும் சொன்னார்கள்: அந்தப் பாசிக்குச் சூடு தாங்கும் சக்தி இந்த உப்புத் தண்ணீரில்தான். சாதாரணக் கடல்நீருக்கு மாற்றினால் அந்தச் சக்தி குறைந்துவிடுகிறது. ஆகவே இதை எடுத்துக்கொண்டுபோய் மற்ற கடல்களின் பவளத்தைக் காப்பாற்றலாம் என்று யாராவது கனவு கண்டால் அது சுலபத்தில் நடக்காது. அது உங்கள் ஊர்ப்பிள்ளை, அங்கேதான் பிழைக்கும்.

அதற்கும் ஓர் எல்லை உண்டு. 2017 கோடையில் சமால் சரியாக வீசவில்லை. எங்களுக்கு வாடை, சோளகம் மாதிரி அங்கே சமால். வடமேற்கிலிருந்து வரும், லாஞ்சைப் புரட்டிப் போடும், நாங்கள் திட்டாத நாள் கிடையாது. அந்த ஆடி, ஆவணியில் கடல் எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடந்தது. நல்ல கடல் என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். காற்று அடித்தால்தான் தண்ணீர் ஆறும் என்பது எங்களுக்கு அப்போது உறைக்கவில்லை. அந்த வருடம் தென்கரைப் பார்களில், அதாவது கடலடிப் பாறைத்திட்டுகளில், அநேகமாக எல்லாப் பவளமும் வெளுத்தது. அடுத்த சித்திரைக்குள் மூன்றில் இரண்டு பங்கு செத்துப்போனது.

சூட்டை நீங்கள் ஒரு கையெழுத்தில் குறைக்க முடியாது, தெரியும். ஆனால் உப்பு? கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் திருப்பி விடுகிற கழிநீரில் உலகக் கணக்கில் 55 சதவீதம் சவுதி, அமீரகம், குவைத், கத்தார் நான்கும் சேர்ந்து விடுவது என்று ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகத்தின் 2019 அறிக்கை சொன்னது. சவுதியின் பங்கில் ஒரு பகுதி செங்கடலுக்குப் போகிறது. மிச்சத்தில் பெரும்பகுதி இந்தக் குட்டிக் கடலுக்குத்தான். அந்தத் தண்ணீரைத்தான் நானும் பதினோரு வருடம் குடித்தேன், ஆகவே ஆலை வேண்டாம் என்று சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. ஆனால் ஒவ்வொரு நாடும் தன் குழாய்க்கு மட்டும் கணக்கு பார்த்து அனுமதி கொடுக்கிறது. எட்டுப் பேர் ஒரே குழம்பில் ஆளுக்கொரு சிட்டிகை உப்பு போட்டால் என்ன ஆகுமோ அதுதான் நடக்கிறது. மொத்தக் கடலுக்கும் சேர்த்து ஒரு கணக்கு வைக்க இந்த வட்டாரத்தில் உங்களை விட்டால் வேறு யாரும் இல்லை.

இருந்தாலும் நான் எழுத உட்கார்ந்தது உப்பைப் பற்றி இல்லை. அதைச் சொல்லப் படித்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

1978-இல் குவைத்தில் எட்டு நாடுகளும் கையெழுத்திட்டு, மறு வருடம் உங்கள் அமைப்பு பிறந்தது. அந்தக் கடலுக்கு என்ன பெயர் என்பதிலேயே இரண்டு கரைக்கும் ஒத்துவராது. அதனால் உங்கள் அமைப்பின் பெயரையே கடலுக்கும் வைத்துக்கொண்டீர்கள். சண்டைக்காரர்களை ஒரே பாயில் உட்காரவைத்த அந்தச் சாமர்த்தியத்தை நான் மெச்சுகிறேன். எண்ணெய் கொட்டினால் ஒருவருக்கொருவர் தகவல் சொல்லிக்கொள்ள பஹ்ரைனிலேயே ஒரு மையம் இருக்கிறது. 1983-இல் ஈரான்-இராக் போரில் நவ்ரூஸ் எண்ணெய்க் கிணறுகள் உடைந்தபோது முப்பதுக்கு மேற்பட்ட ஆவுளியாக்கள் செத்துக் கரை ஒதுங்கின. அவை கரை ஒதுங்கியதால்தான் உலகம் எண்ணியது, எண்ணியதால்தான் விமானம் ஏறிப் போய் மந்தையைக் கண்டுபிடித்தார்கள். அறுத்துவிடப்பட்டவற்றை யார் எண்ணுவது?

ஆகவே என் கோரிக்கை சின்னது. வலையில் தற்செயலாகச் சிக்கிய ஆவுளியா, ஆமை, ஓங்கில் (டால்பின்) எதுவானாலும், உயிரோடு விட்டாலும் செத்துக் கிடந்தாலும், கலாசி தைரியமாகச் சொல்ல ஒரு வழி செய்யுங்கள். எட்டு நாட்டுக்கும் ஒரே போன் எண். சொன்னவனுக்கும் நாகுதாவுக்கும் தண்டனை கிடையாது என்று எழுத்தில் உத்தரவாதம். அறுபட்ட வலைக்குப் பணம். செத்த உடலைக் கரைக்குக் கொண்டுவந்தால் அதன் வயிற்றில் எந்தத் தாழை இருக்கிறது, எந்த இடத்துத் தாழை என்று உங்கள் விஞ்ஞானிகள் பார்க்கலாம். தாழை என்று நான் சொல்வது கடற்புல். எங்கள் கரையில் அப்படித்தான் பேர். ஒரு ஆவுளியா நாளைக்கு முப்பது நாற்பது கிலோ மேயும். எங்கே மேய்கிறது என்று தெரிந்தால் கடலைத் தூர்த்து அடுத்த செயற்கைத் தீவுக்கு மண் கொட்டும் முன்னால் அந்த இடத்தையாவது விட்டுவைக்கலாம்.

இது நடக்காத காரியம் இல்லை. எங்கள் ஊரில் ஒரு காலத்தில் ஆவுளியாக் கறி தின்றார்கள். என் தாத்தா தின்றிருக்கிறார், ருசி என்பார். இன்றைக்கு வலையில் சிக்கியதை உயிரோடு விட்டவருக்குத் தமிழ்நாடு வனத்துறை பரிசு கொடுத்து, போட்டோ எடுத்துப் பத்திரிகையில் போடுகிறது. 2022-இல் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டர் கடலைக் கடல்பசுக் காப்பகமாக அறிவித்தார்கள். எல்லாம் சரியாக நடக்கிறது என்று சொல்லமாட்டேன், ரோந்துப் படகு பழுதாகி நின்ற கதையெல்லாம் எங்களிடம் உண்டு. ஆனாலும் "விட்டுட்டோம் சார்" என்று போன் போட ஒரு எண் இருக்கிறது, போடவும் செய்கிறார்கள்.

கூட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீங்கள் கர்கூர் என்கிற, மீன் பிடிக்கக் கடலடியில் இறக்கும் கம்பிக் கூட்டைத்தான் சொல்கிறேன். என் அப்பா உடைமர விளாரில் கூடு முடைவார். தொலைந்தாலும் சில மாதத்தில் மக்கி, உள்ளே இருக்கிற ஒராவும் களவாவும் வெளியே வந்துவிடும். வளைகுடாவிலும் முன்பு ஈச்ச மட்டையில்தான் முடைந்தார்களாம். இப்போது இரும்புக் கம்பி. கயிறு அறுந்த கர்கூர் கடலடியில் கிடந்து மீனைப் பிடித்துக்கொண்டே இருக்கும்; உள்ளே செத்த மீனே அடுத்த மீனுக்கு இரை. ஒருதரம் யாருடையதோ பழைய கூடு எங்கள் நங்கூரத்தில் மாட்டி வந்தது. உள்ளே ஒரு ஹமூர், அதாவது களவா, தலை மட்டும் பெரிதாக, உடம்பு சூம்பி, செதில் உதிர்ந்து, உயிரோடு இருந்தது. அபுதாபி 2019-இல் கர்கூரையே தடைசெய்துவிட்டது. மற்றவர்கள் அவ்வளவு தூரம் போகவேண்டாம். கூட்டின் கதவை மட்டும் மக்கிப்போகும் சணல் கயிற்றால் கட்டச் சொல்லுங்கள். தொலைந்த கூட்டையும் அதே எண்ணில் பயமில்லாமல் சொல்லலாம் என்று சேர்த்துவிடுங்கள்.

இனி, ஏன் தமிழில் எழுதினேன் என்பது. லாஞ்சில் அரபி தெரிந்தவர் நாகுதா ஒருவர்தான். ஒட்டின நோட்டீசெல்லாம் அரபியிலும் ஆங்கிலத்திலும் இருந்தன. ஆமைப் படம் போட்ட ஒன்று இன்ஜின் அறைக் கதவில் இரண்டு வருடம் தொங்கியது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எங்கள் யாருக்கும் தெரியாது. டீசல் கை துடைத்து ஓரம் கிழிந்துபோயிருந்தது. வலை இழுக்கிறவன் கன்னியாகுமரிக்காரன், ராமநாதபுரத்துக்காரன், கொல்லத்துக்காரன், வங்காளதேசத்துக்காரன். அந்த எண்ணை எடுப்பவருக்கு எங்கள் மொழி தெரிந்திருக்க வேண்டும். இந்த மடலைப் படித்துச் சொல்ல ஒருவரைத் தேடிப் பிடிப்பீர்கள் அல்லவா, முதல் போனை எடுக்க அவரையே உட்காரவையுங்கள்.

நாலு ஆவுளியாவும் எங்கே, எந்தத் தேதியில் என்று ஜிபிஎஸ்ஸில் பார்த்து ஒரு நாற்பது பக்க நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். எட்டு ஆமையும் இருக்கிறது. தண்ணீர் பட்டு ஒரு பக்கத்தில் மை கலைந்துவிட்டது, மற்றதெல்லாம் தெளிவாகத்தான் இருக்கிறது. கேட்டால் அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
பஹ்ரைன் லாஞ்சில் பதினோரு வருடம் நின்ற ஒரு கலாசி