யாரும் பிழை விடாதபோது நட்டஈட்டை எவரிடம் கேட்பது?

ஐயா,

என் தம்பி ஆரையம்பதியில் மேசன் வேலை செய்தவன். 2021 ஓகஸ்டில் இரண்டாவது கொவிட் தடுப்பூசி போட்டுப் பன்னிரண்டாம் நாள் கால் விறைத்தது. அடுத்த நான்கு நாளில் கையும் தூக்க முடியவில்லை. வைத்தியசாலையில் குயிலன் பாரே என்றார்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்பைத் தாக்கும் நோய் அது. ஊசியால் வந்ததா என்று கேட்டோம். "இருக்கலாம், அடித்துச் சொல்ல ஏலாது" என்றார் வைத்தியர். வயிற்றோட்டம், காய்ச்சலுக்குப் பிறகும் இது வருமாம். அவர் நேர்மையாகத்தான் சொன்னார். தம்பி உயிர் தப்பிவிட்டான், ஆனால் இனிச் சாரத்தில் ஏறி நிற்க முடியாது.

நான் ஊசிக்கு எதிரானவள் இல்லை. 1993க்குப் பிறகு இலங்கையில் போலியோ இல்லையென்றால் அது ஊசியால்தான். என் பேரப்பிள்ளைகளுக்கும் குடும்பநல உத்தியோகத்தர் குறித்துத் தந்த திகதியிலேயே எல்லாம் போட்டோம்.

சட்டத்தரணியிடம் போனது 2023 கடைசியில். அதுவரை மருந்துக்கும் பிசியோவுக்குமே ஓடினோம், வழக்கு என்ற நினைப்பே வரவில்லை. நட்டஈட்டு வழக்கை இரண்டு வருடத்துக்குள் போட்டிருக்க வேண்டும், அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதம்தான் என்றார். சரி, நேரத்துக்குப் போயிருந்தால்? அப்போதும் யாருடைய கவனயீனம் என்று காட்ட வேண்டுமாம். ஊசி போட்ட தாதி ஒரு பிழையும் செய்யவில்லை. ஊசியும் பழுதானதில்லை. அப்படியானால் யார் மேல் வழக்கு வைப்பது?

இதை மற்ற நாடுகள் எப்போதோ யோசித்துவிட்டன. பிரித்தானியாவில் 1979இலேயே சட்டம் வந்தது. தடுப்பூசியால் 60 வீதத்துக்குக் குறையாத பாதிப்பு என்று ஏற்றால் 1,20,000 பவுண் கொடுக்கிறார்கள். அமெரிக்காவில் 1986இல் சட்டம் செய்து, போடும் ஒவ்வொரு ஊசிக்கும், அது தடுக்கும் ஒவ்வொரு நோய்க்கு 75 அமெரிக்கச் சதம் என வரி எடுத்து ஒரு நிதியே வைத்திருக்கிறார்கள். இரண்டிலும் யார் பிழை என்று காட்டத் தேவையில்லை. கொவிட் காலத்தில் கோவக்ஸ் என்ற உலகத் தடுப்பூசிப் பகிர்வுத் திட்டத்தில் உதவியாக ஊசி பெறத் தகுதியான 92 நாடுகளுக்கும் இப்படி ஒரு நட்டஈட்டு ஏற்பாடு இருந்தது, இலங்கையும் அதில் சேர்த்தி. ஆனால் அது கோவக்ஸில் வந்த ஊசிகளுக்கு மட்டும். தம்பிக்குப் போட்டது அரசு விலைக்கு வாங்கியது. எந்தப் பெட்டியில் வந்த ஊசி என்பதை வைத்தா ஒருவனின் பிழைப்பைத் தீர்மானிப்பது?

எல்லோரையும் காப்பாற்றவே எல்லோரும் போடுங்கள் என்று அரசு கேட்டது, நாங்களும் வரிசையில் நின்றோம். அப்படி நின்றதில் அடிபட்ட ஒரு சிலரை அரசே பொறுப்பேற்க வேண்டும். சுகாதார அமைச்சு, யார் பிழை என்று கேட்காமல் நட்டஈடு கொடுக்கும் நிதியொன்றைச் சட்டமாகவே கொண்டுவர வேண்டும். ஊசியால் வந்திருக்கக்கூடும் என்று வைத்தியர் குழு சொன்னால் அதுவே போதும் என்று இருக்கட்டும். படிவம் தமிழிலும் கிடைக்க வேண்டும். கால எல்லையை, நோயாளி எழுந்து நடமாடத் தொடங்கும் வரையாவது எண்ணக் கூடாது.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு ஒன்று: ஊசி அட்டையையும், நோயைக் குறித்து வைத்தியசாலை தரும் டயக்னோசிஸ் கார்ட்டையும் கவனமாக வைத்திருங்கள். எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்தில் ஊசிக்குப் பின்னான பாதிப்பாகப் பதியச் சொல்லிக் கேளுங்கள். எங்களுக்கு அதை அன்று சொல்ல ஆள் இருக்கவில்லை.

வாசகி,
ஆரையம்பதி