எங்கே என்பதோடு எப்போது என்பதையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐரோப்பாவின் இயற்கை அழகுகளைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த சுற்றுலாப் பக்கத்தைப் படித்தேன். படங்கள் எல்லாம் அருமை. யுங்ஃப்ராவ் சிகரம், ரைன் அருவி, குரோஷியாவின் பிளிட்விட்சே ஏரிகள், நார்வேயில் மலைகளுக்கு நடுவே கடல் நுழைந்திருக்கும் ஃபியோர்டுகள், இரவு வானத்தில் தெரியும் வடதுருவ ஒளி என்று ஒன்றையும் விடவில்லை. ஆனால் எந்த இடத்துக்கு எந்த மாதம் போகவேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. சுவிட்சர்லாந்தின் இன்டர்லேக்கனில் ஒரு ஹோட்டலின் வரவேற்பில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். அந்த ஒரு வரி தெரியாமல் வந்து ஏமாந்து திரும்புகிறவர்களைத் தினமும் பார்ப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

இங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் யுங்ஃப்ராயோக் போகத்தான் வருகிறார்கள். 3,454 மீட்டர் உயரத்தில் 1912-ல் திறந்த ரயில் நிலையம் அது. மலையைக் குடைந்து ரயில் விட்டிருக்கிறார்கள். இங்கிருந்து போய்வர ஒரு ஆளுக்கு 200 ஃப்ராங்குக்கு மேல் ஆகும். வானம் தெளிவாக இருந்தால் அந்தப் பணம் தகும். மேகம் இறங்கிவிட்டால் கண்ணாடிக்கு வெளியே வெள்ளை மட்டும்தான் தெரியும். மேலே என்ன நிலவரம் என்று நேரலையாகக் காட்டும் வெப்கேம் இருக்கிறது. காலையில் எங்கள் வரவேற்பில் உள்ள திரையில் அதைத்தான் ஓடவிட்டிருப்போம். போன ஜூனில் ஒரு குழுவோடு வந்த பெரியவர் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஏம்மா, இப்ப வெள்ளையா இருக்கே, ஒன்பது மணிக்குள்ள விலகிடுமா?" என்று கேட்டார். விலகாது, நாளைக்குத்தான் வெயில் என்றேன். நாளைக்கு அவர்கள் பாரிஸில் இருக்கவேண்டும். குழுவுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று என்று அழைத்துப் போய்விட்டார்கள். சாயங்காலம் அவரும் அவர் மனைவியும் நனைந்த ஷூவோடு வந்து சாவி வாங்கிக்கொண்டார்கள். எதுவும் தெரியவில்லையா என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

அப்படிப்பட்ட நாளிலும் பார்க்க இடம் உண்டு என்பதுதான் என் ஆதங்கம். ரயிலில் இருபது நிமிடத்தில் லாட்டர்புருன்னன் பள்ளத்தாக்கு வந்துவிடும். மெல்ல நகரும் பெரிய பனிக்கட்டி ஆறு, அதாவது பனியாறு ஒன்று காலங்காலமாக அரைத்து ஆழமாக்கிய பள்ளத்தாக்கு அது. பக்கத்துச் சிறு பள்ளத்தாக்குகள் அந்த அளவுக்கு ஆழமாகாமல் மேலேயே தொங்கி நின்றுவிட்டன. அவற்றில் ஓடிவரும் ஓடைகள் செங்குத்துப் பாறை விளிம்பிலிருந்து அப்படியே குதிக்கின்றன. அவற்றில் பெயர்பெற்ற ஸ்டௌப்பாக் அருவி, கிட்டத்தட்ட 300 மீட்டர் உயரம். காற்று அடித்தால் பாதி வழியிலேயே நீர் தூளாகிப் பறக்கும். ஜெர்மன் கவிஞர் கதே 1779-ல் இதைப் பார்த்துவிட்டுத்தான் நீரையும் மனித ஆன்மாவையும் பற்றிய கவிதையை எழுதினார்.

அதே பள்ளத்தாக்கில் ட்ரும்மெல்பாக் அருவி மலைக்கு உள்ளேயே விழுகிறது. ஐகர், மோன்க், யுங்ஃப்ராவ் மூன்று சிகரங்களின் இந்தப் பக்கத்துப் பனி உருகிய நீரும் பாறையைக் குடைந்துகொண்டு இந்த வழியாகத்தான் இறங்கவேண்டும். உச்சத்தில் விநாடிக்கு 20,000 லிட்டர் வரை. சுரங்க லிஃப்டில் ஏறி, படிக்கட்டு வழியாக ஒவ்வொரு அருவியாகப் பார்த்துக்கொண்டு இறங்கலாம். கைப்பிடிக் கம்பியில் கை வைத்தால் அதிர்வு தெரியும். பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாது. வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே சாரலும் குளிரும்தான், மழைக்கோட்டு எடுத்துப்போவது நல்லது. மேகமூட்டம் இதை ஒன்றும் செய்யாது. ஆனால் குளிர்காலத்தில் பூட்டியிருக்கும். இந்த அருவி உங்கள் சுற்றுலாப் பக்கத்தில் இல்லை.

ரைன் அருவி உங்கள் சுற்றுலாப் பக்கத்தில் இருக்கிறது. உயரம் 23 மீட்டர்தான், ஆனால் 150 மீட்டர் அகலம். நீங்கள் போட்ட படத்தில் பாறையே தெரியாமல் நுரை பொங்குகிறது. ஆல்ப்ஸின் பனி உருகி ஆறு பெருகுகிற ஜூன், ஜூலையில்தான் அப்படி இருக்கும். ஜனவரியில் போனால் நீர் குறைந்து பாறைகள் துருத்திக்கொண்டு நிற்கும். அதுவும் ஓர் அழகுதான், ஆனால் படத்தை நம்பி வந்தவருக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

நார்வே விஷயம் இதைவிட மோசம். வடதுருவ ஒளியையும் நள்ளிரவுச் சூரியனையும் ஒரே பத்தியில், ஒரே பயணத்தில் பார்த்துவிடலாம் என்பதுபோல எழுதியிருக்கிறீர்கள். நார்வேயின் வடக்கே உள்ள ட்ரோம்சோவில் மே மூன்றாம் வாரத்திலிருந்து ஜூலை மூன்றாம் வாரம் வரை சூரியன் மறைவதே இல்லை. இருட்டே இல்லாத வானத்தில் அந்த ஒளி எப்படித் தெரியும்? அதற்கு செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை போகவேண்டும். சரி, குளிர்காலத்திலேயே போய் ஃபியோர்டையும் சேர்த்துப் பார்த்துவிடலாம் என்றால், கெய்ராங்கர் ஃபியோர்டுக்கு இறங்கும் அந்தப் பேர்பெற்ற மலைச்சாலை அப்போது பனியால் மூடியிருக்கும். இரண்டும் இரண்டு வெவ்வேறு பயணங்கள். அதைச் சொல்லிவிட்டால் மக்கள் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்வார்கள்.

பிளிட்விட்சே பற்றி ஒரு திருத்தமும் வேண்டும். அந்த 16 ஏரிகளில் குளிக்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். கூடாது, தடை இருக்கிறது. நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு பாசியின்மேல் படிந்து படிந்துதான் அங்கே ஏரிக்கும் ஏரிக்கும் நடுவே கரைகள் எழும்புகின்றன. அந்தக் கரைகள் இன்றும் வளர்ந்துகொண்டிருக்கின்றன. ஆட்கள் இறங்கிக் கலக்கினால் அந்த வேலை கெட்டுவிடும். ஜூலை, ஆகஸ்டில் மரப்பாலங்களில் நடக்கவே இடமிருக்காது. நுழைவுச்சீட்டில் நேரம் குறித்துத் தருவார்கள், முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும். நீர் நிறைந்து ஓடுவதைப் பார்க்க வசந்தகாலம் நல்லது.

அப்புறம், இன்னொரு காலக்கணக்கும் இருக்கிறது. அலெட்ச் பனியாறு ஆல்ப்ஸிலேயே மிகப் பெரியது, 20 கிலோமீட்டர் அளவுக்கு நீளம். ஃபீஷ் என்ற ஊரிலிருந்து கேபிள் காரில் எக்கிஸ்ஹார்ன் மலைக்கு ஏறினால் வளைந்து கிடக்கும் அதன் முழு உடலையும் பார்க்கலாம். நடுவில் ஓடும் கருப்புக் கோடுகள், கிளைப் பனியாறுகள் ஒன்றுசேரும்போது இரண்டு பக்கத்துக் கற்களும் சேர்ந்து உண்டானவை. 1678-ல் ஃபீஷ் ஊர்க்காரர்கள், இந்தப் பனியாறு இனி வளர்ந்து எங்களை அழிக்கக்கூடாது என்று கடவுளிடம் நேர்ந்துகொண்டார்கள். அந்த வேண்டுதல் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது. பனியாறு சுருங்கிக்கொண்டே போனதால், வேண்டுதலை மாற்றிக்கொள்ளப் போப்பாண்டவரிடம் அனுமதி கேட்டார்கள். 2010-ல் அனுமதி கிடைத்தது. இப்போது அது உருகக்கூடாது என்று பிரார்த்திக்கிறார்கள். 2025 மே 28-ஆம் தேதி இதே நாட்டில் பிர்ச் என்ற பனியாறு சரிந்து பிளாட்டன் கிராமத்தின் பெரும்பகுதியை மூடியது. முன்னெச்சரிக்கையாகச் சுமார் 300 பேரை வெளியேற்றியிருந்ததால் ஊர்மக்கள் ஏறக்குறைய எல்லோரும் தப்பினார்கள். பனியாற்றைப் பார்க்கும் ஆசை இருப்பவர்கள் அதைத் தள்ளிப்போட வேண்டாம் என்றும் எழுதுங்கள்.

உங்கள் வாசகர்களில் பலர் மே மாதம் வருகிறார்கள். மே இங்கே ரெண்டுங்கெட்டான் காலம். ஃபுர்கா, கிரிம்செல் போன்ற உயரமான கணவாய்ச் சாலைகள் பெரும்பாலும் திறந்திருக்காது. பராமரிப்புக்காகப் பல கேபிள் கார்களையும் நிறுத்தி வைத்திருப்பார்கள். ஆனால் பள்ளத்தாக்குகளில் அருவிகள் நிறைந்து கொட்டும், புல்வெளி முழுக்கப் பூத்திருக்கும், ஜூலைக் கூட்டமும் இருக்காது. அந்த மாதத்தில் வருகிறவர்கள் மலையுச்சியை நம்பி இருக்காமல் பள்ளத்தாக்கில் இரண்டு மூன்று நாள் தங்கினால் நிறைய பார்க்கலாம்.

எனவே இனி ஒவ்வொரு படத்தின் கீழும் அது எந்த மாதம் எடுத்தது என்று போடுங்கள். மே மாதத்துக்கென்று தனியாக ஒரு பக்கம் வெளியிட்டால் அதை ஜனவரியிலேயே வெளியிடுங்கள். விமான டிக்கெட் எடுத்து, விசாவுக்கும் தேதி குறித்த பிறகு படித்தால் யாராலும் மாதத்தை மாற்ற முடியாது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
இன்டர்லேக்கன், சுவிட்சர்லாந்து