தரிப்பிடத்தின் தலையில் பனித்தளம்

ஆசிரியருக்கு,

நகர மையத்தில் ஹொக்கி அரங்குகளைச் சுற்றிக் கட்டடங்கள் எழுப்புவது பற்றிய கட்டுரை கண்டேன். கனடா எல்லைக்கு அப்பால், அமெரிக்காவின் பஃபலோ நகரிலுள்ள ஹார்பர்சென்டர் என்ற ஹொக்கி வளாகத்தையும் அதில் சேர்த்திருக்கலாம். அந்நகரின் ஐஸ் ஹொக்கி அணியான சேபர்ஸின் உரிமையாளர்கள், பெகுலா குடும்பத்தினர், கட்டி 2014இல் திறந்தது. முன்பு அது வெறும் கார் தரிப்பிடம். இப்போது தரிப்பிடம் அடுக்குகளாகி, அதன் மேல் இரண்டு பனித்தளங்கள். கூடவே ஹோட்டல், உணவகம், கோப்பிக் கடை.

எதிரே உள்ள பெரிய அரங்கில் சேபர்ஸ் ஆடுவது பருவத்துக்கு நாற்பது சொச்சம் நாட்கள்தான். மற்ற நாட்களில் தெருவுக்கு உயிர் கொடுப்பது பிள்ளைகளின் சுற்றுப்போட்டிகள். தங்களைவிடப் பெரிய பையை இழுத்துக்கொண்டு சிறுவர்கள் லிஃப்டுக்கு நிற்பார்கள். பின்னால் தூக்கம் கலையாத பெற்றோர், கையில் கோப்பி. அறை வாடகையும் சாப்பாட்டுக் காசும் இவர்கள் பையிலிருந்துதான். கெட்டிக்கார வியாபாரம், குறை சொல்லவில்லை.

ஆனால் ஐஸ் ஹொக்கி காசுள்ளவர் விளையாட்டு. மட்டையும் சப்பாத்தும் வாங்கவே பல பெற்றோருக்கு மூச்சு முட்டும். இங்கே இப்படியொன்று கட்ட அனுமதி கேட்டு யார் வந்தாலும், அயலிலுள்ள பாடசாலைகளுக்கு வாரத்தில் எத்தனை மாலை நேரம் என்று நகரசபை எழுத்தில் வாங்க வேண்டும். இல்லையென்றால் விடிகாலை ஐந்து மணியை ஒதுக்கிவிட்டு, அதையே பொதுப் பயன்பாடு என்பார்கள்.

வாசகர் ஒருவர்,
ஸ்காபரோ